மடிக்கணினியில் கைரேகை உள்நுழைவை நிறுத்த முடியவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கைரேகையை எடுத்துவிட வேண்டும் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. நாள் முழுக்கக் கிருமிநாசினியில் கை கழுவும் செவிலியருக்கு விரல் தோல் வறண்டு ரேகை பதிவதில்லை. விவசாய வேலை பார்த்த பெரியவர்களுக்கு ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடைக் கருவியில் படும் அதே பாட்டை வீட்டிலும் படுகிறார்கள். விடுதியில் அறைத் தோழனின் விரலையும் விளையாட்டாகப் பதிந்துவிட்டு இப்போது வருந்தும் மாணவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் அற்பக் காரணம் அல்ல.

சிக்கல் இல்லாத கணினியில் இது இரண்டு நிமிட வேலைதான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ் → அக்கவுண்ட்ஸ் → சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்துக்குப் போய், ஃபிங்கர்பிரிண்ட் என்று தொடங்கும் வரியைத் திறந்து, ‘ரிமூவ்’ பொத்தானை அழுத்த வேண்டும். பின் எண் கேட்டால் கொடுங்கள்; பதிந்த ரேகைகள் போய்விடும். ஒரு விரலை மட்டும் நீக்கி மற்றதை வைத்துக்கொள்ளும் வசதி அங்கே இல்லை. யாருடைய விரல்கள் பதிவாகியிருக்கின்றன என்ற பட்டியலையும் விண்டோஸ் காட்டாது. எனவே அறைத் தோழனின் விரல் மட்டும் வேண்டாம் என்றாலும், எல்லாவற்றையும் நீக்கிவிட்டு உங்கள் விரலை மறுபடி பதிவதே வழி.

இந்த இரண்டு நிமிட வேலை நடக்காமல் போகும் இடங்களைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

## எதையும் தொடும் முன்: பாஸ்வேர்டு தெரியுமா?

“விரலை வைத்தால் திறந்துவிடும் தம்பி, பாஸ்வேர்டு எதற்கு?” என்று கேட்பவர்கள்தான் பிறகு பூட்டிய திரைக்கு வெளியே நிற்கிறார்கள். வருடக்கணக்கில் விரலாலேயே திறந்து பழகியவருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோவது இயல்பு. பலர் பின் எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. பாஸ்வேர்டு உங்கள் கணக்குக்கு உரியது. கடைசியில் கை கொடுப்பது அதுதான்.

சோதிக்கும் முறை எளிது. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு விண்டோஸ் பொத்தானையும் ‘எல்’ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். திரை பூட்டிக்கொள்ளும். பெட்டிக்குக் கீழே ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ என்று சிறிதாகத் தெரியும். அதை அழுத்தினால் சில படங்கள் வரிசையாக வரும்: விரல் ரேகைப் படம் கைரேகைக்கு, எண் பலகைப் படம் பின் எண்ணுக்கு, சாவிப் படம் பாஸ்வேர்டுக்கு. சாவியை அழுத்திப் பாஸ்வேர்டைத் தட்டிப் பாருங்கள். உள்ளே போனால் துணிந்து வேலையைத் தொடங்கலாம். போகவில்லை என்றால், விரலால் திறக்க முடிகிற இந்த நேரத்திலேயே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அதன் இணையதளத்தில் மீட்டெடுக்கலாம்.

சாவிப் படமே வரவில்லையா? அதே சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தின் கீழ்ப்பகுதியில், மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ (விரல், முகம், பின் எண் ஆகியவற்றால் நுழையும் முறை) வழியை மட்டுமே அனுமதிக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ‘ஃபார் இம்ப்ரூவ்டு செக்யூரிட்டி’ என்று அதன் வரி தொடங்கும். அதை அணைத்துவிட்டு மறுபடி பூட்டிப் பாருங்கள், சாவி வந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கலாம், உங்களுக்கே தெரியாமல்கூட. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பெரும்பாலான கணினிகளில் இந்தப் பூட்டு தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. பின்னால் பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) வரை போக நேர்ந்தால், 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினி கேட்கக்கூடும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினிக்குள் கோப்பாகச் சேமித்தால் தேவைப்படும் நேரத்தில் எடுக்க முடியாது.

## அறிகுறி 1: ‘ரிமூவ்’ பொத்தான் இல்லை, அல்லது மங்கலாக இருக்கிறது

வேறு பயனர் கணக்கில் இருக்கிறீர்கள். ஒரே கணினியில் அப்பாவுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு என்று இருந்தால், அவரவர் ரேகையை அவரவர் கணக்கில் நுழைந்துதான் நீக்க முடியும். உங்கள் கணக்கில் ‘செட் அப்’ என்று மட்டும் தெரிந்தால், இந்தக் கணக்கில் ரேகை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். மற்றவர் கணக்கைத் திறந்து பாருங்கள்.

‘தற்போது கிடைக்கவில்லை’ என்ற வாசகம் வருகிறது. முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகும் அப்படியே இருந்தால் தேடல் பெட்டியில் ‘சர்வீசஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, வரும் பட்டியலில் ‘விண்டோஸ் பயோமெட்ரிக் சர்வீஸ்’ ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் வலது சொடுக்கில் ‘ஸ்டார்ட்’ கொடுங்கள். ரேகையை முடக்கத்தானே வந்தோம், அது நின்றால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பதிந்ததை முறையாக அழிக்கவும் அந்தச் சேவை ஓடியாக வேண்டும்.

‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி தெரிகிறது. அலுவலகம் கொடுத்த மடிக்கணினி என்றால் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அது அவர்களுடைய விதி. அங்குள்ள ஐடி பிரிவிடம் சொல்லி நீக்குவதுதான் முறை. குறுக்கு வழியில் மாற்றினாலும் அடுத்த முறை வலையமைப்பில் சேரும்போது விதி திரும்ப வந்துவிடும்.

சொந்தக் கணினியிலேயே இந்த வரி தெரிந்தால், எப்போதோ சேர்த்த கல்லூரி அல்லது அலுவலக மின்னஞ்சல் கணக்கு காரணமாக இருக்கலாம். படிப்பு முடிந்து போன பிறகும் அந்தக் கணக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும். செட்டிங்ஸ் → அக்கவுண்ட்ஸ் → ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ பக்கத்தில் அது தெரியும். ‘டிஸ்கனெக்ட்’ கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்தக் கணக்கின் ஒன்டிரைவில் கோப்புகள் இருந்தால் அதற்கு முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி உரிமத்தில் ஓடிய வேர்டு, எக்செல் போன்றவை பிறகு இயங்காமல் போகலாம்.

எல்லாம் சரி, ஆனாலும் பொத்தான் வேலை செய்யவில்லை. ரேகைத் தரவுக் கோப்பு பழுதாகியிருக்கலாம். மேலே சொன்ன பயோமெட்ரிக் சேவையை ‘ஸ்டாப்’ செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் → சிஸ்டம்32 → வின்பயோடேட்டாபேஸ் என்ற கோப்புறையைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு அழியுங்கள். சேவையை மறுபடி ஓடவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். இது அந்தக் கணினியில் உள்ள எல்லாப் பயனர்களின் பதிவுகளையும் பாதிக்கும். வீட்டில் மற்றவர்கள் கைரேகையில் நுழைகிறார்கள் என்றால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

## அறிகுறி 2: நீக்கப் போனால் பின் எண் கேட்கிறது, பின் எண் நினைவில் இல்லை

பின் பெட்டிக்குக் கீழே ‘ஐ ஃபர்காட் மை பின்’ என்ற இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு குறியீடும் வரும். இணைய இணைப்பு வேண்டும். புதிய பின் வைத்த பிறகு ரேகையை நீக்குங்கள்.

ஊகித்து ஊகித்துத் தட்ட வேண்டாம். சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு ‘ஏ1பி2சி3’ என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டச் சொல்லி ஒரு திரை வரும். இதைப் பார்த்து யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பயந்து ஓடிவருபவர்கள் இருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. விசைப்பலகையில் ஏதாவது பட்டுத் தானாக எண்கள் விழுகின்றனவா, அல்லது ஒரு மனிதர் தட்டுகிறாரா என்று விண்டோஸ் பார்க்கிறது. கேட்டதைத் தட்டினால் இன்னும் வாய்ப்பு தரும்; அதையும் வீணாக்கினால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும்.

வயதானவர்களுக்காகப் புதிய பின் வைக்கும்போது, அந்த எண்ணை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நாம் வைத்துக் கொடுக்கும் எண் அவர்கள் மனதில் நிற்பதில்லை.

## அறிகுறி 3: நீக்கியாயிற்று, ஆனால் நுழைவுத் திரை இன்னும் விரலைக் கேட்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஷட்டவுன் செய்து திறந்தீர்களா, ரீஸ்டார்ட் செய்தீர்களா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் விண்டோஸில் ஷட்டவுன் முழுமையான அணைப்பு அல்ல. உள்நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே எடுத்துத் தொடங்கும். மூடியை மடித்துத் திறப்பது அதைவிடக் குறைவு. அது வெறும் தூக்கம். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். மாற்றம் செய்தபின் ஒரு முறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். பாதிப் பேருக்குச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

திரையில் இருப்பது யாருடைய பெயர்? இடது கீழ் மூலையில் பயனர் பெயர்கள் தெரியும். கடைசியாக நுழைந்தவரின் பெயர் நடுவில் நிற்கும். அவர் கணக்கில் ரேகை இருந்தால் திரை விரலைக் கேட்கத்தான் செய்யும். உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

தயாரிப்பு நிறுவனத்தின் பழைய மென்பொருள் இருக்கிறதா? விண்டோஸ் 7, 8 காலத்து மடிக்கணினிகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கைரேகை மென்பொருளை வைத்திருந்தது. எச்பியில் சிம்பிள்பாஸ், லெனோவாவில் ஃபிங்கர்பிரிண்ட் மேனேஜர் புரோ என்று பெயர்கள். அந்தக் கணினியை ஃபார்மட் செய்யாமல் விண்டோஸ் 10-க்கு உயர்த்தியிருந்தால், பழைய மென்பொருள் இன்னும் உள்ளே உயிரோடு இருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் நீக்கியது அதற்குத் தெரியாது.

செட்டிங்ஸ் → ஆப்ஸ் பட்டியலில் ஃபிங்கர்பிரிண்ட், பாஸ், செக்யூரிட்டி போன்ற சொற்கள் வரும் பெயர்களைத் தேடுங்கள். கண்டால் உடனே அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். முதலில் அதைத் திறந்து, உள்ளே சேமித்த இணையதளப் பாஸ்வேர்டுகள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதன் உள்ளேயே ரேகைகளை அழியுங்கள். அன்இன்ஸ்டால் கடைசியில்தான். வரிசை மாறினால் ரேகைத் தரவு அனாதையாக வட்டில் தங்கிவிடும்.

இந்தப் பழைய மென்பொருள்களை வைத்திருக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லெனோவாவின் மேலே சொன்ன மென்பொருளில் பலவீனமான குறியாக்கமும், நிரலுக்குள்ளேயே எழுதி வைத்த பாஸ்வேர்டும் இருந்ததை அந்த நிறுவனமே 2018 ஜனவரியில் அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. திருத்தம் போடாத கணினிகளில் அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கேட்கிறதா? விண்டோஸ் சின்னம் திரையில் வருவதற்கு முன்பே விரல் கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி 4: விண்டோஸ் வரும் முன்பே விரல் கேட்கிறது, அல்லது பவர் பொத்தானை அழுத்தினாலே நேராக உள்ளே போய்விடுகிறது

இரண்டும் பார்க்க எதிரெதிராக இருந்தாலும், பார்க்க வேண்டிய இடங்கள் அடுத்தடுத்தவை.

பவர் பொத்தானுக்குள்ளேயே ரேகை உணரியைப் பொருத்திய மடிக்கணினிகள் இப்போது ஏராளம். கணினியை இயக்க அழுத்தும்போதே விரலைப் படித்து வைத்துக்கொண்டு, விண்டோஸ் தயாரானதும் அதைக் கொடுத்துவிடும். கேட்காமலே திறக்கிறதே, பூட்டு போய்விட்டதா என்று பலர் கவலைப்படுகிறார்கள். ரேகை பதியாத ஒருவரை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். அவர் அழுத்தும்போது திரை பூட்டியே நின்றால் பூட்டு சரியாக இருக்கிறது. அவருக்கும் திறந்துகொண்டால் அது கைரேகை விஷயமே அல்ல, தானாக நுழையும் அமைப்பு யாரோ வைத்திருக்கிறார்கள்; உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். வேறொன்றுமில்லை, இந்த நேரடித் திறப்பு மட்டும் வேண்டாம் என்றால், விண்டோஸில் ரேகையை நீக்கினாலே பெரும்பாலும் போதும்.

விண்டோஸுக்கு முன்பே கேட்பதை நிறுத்த பயாஸுக்குள் போக வேண்டும். கணினியை இயக்கியவுடன் டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். திங்க்பேடில் செக்யூரிட்டி → ஃபிங்கர்பிரிண்ட் என்ற பகுதியில் ‘பிரீடெஸ்க்டாப் ஆதென்டிகேஷன்’ என்ற வரியை அணைக்கலாம். டெல்லின் சில மாடல்களில் ரேகைக் கருவியை அணைக்க ஒரு வரியும், விண்டோஸுக்கு முன் படித்த ரேகையை விண்டோஸுக்கும் கடத்தும் ‘சிங்கிள் சைன் ஆன்’ வரியும் தனித்தனியாக இருக்கின்றன. எந்த வரியை மாற்றினாலும், மாற்றும் முன் கைபேசியில் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வரிகளைத் தொட வேண்டாம். குறிப்பாக ‘செக்யூர் பூட்’, ‘டிபிஎம்’ என்று தெரிபவற்றை. அவற்றை மாற்றினால்தான் பிட்லாக்கர் எண் கேட்கும் நீலத் திரை வந்து நிற்கும்.

பயாஸே பாஸ்வேர்டு கேட்டு, அது உங்களிடம் இல்லை என்றால் நிறுத்திவிட்டு, இறுதியில் உள்ள நிபுணர் பகுதியைப் பாருங்கள்.

## அறிகுறி 5: நீக்கினாலும் அப்டேட்டுக்குப் பிறகு ‘கைரேகை அமைக்கவும்’ என்று மறுபடி வருகிறது

இங்கே பலர் செய்வது டிவைஸ் மேனேஜரில் டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) அன்இன்ஸ்டால் செய்வது. அது நிற்காது. அடுத்த ரீஸ்டார்ட்டிலோ அப்டேட்டிலோ விண்டோஸ் அந்த வன்பொருளைக் கண்டு டிரைவரைத் திரும்பப் போட்டுவிடும். செய்ய வேண்டியது ‘டிஸேபிள்’.

ஸ்டார்ட் பொத்தானில் வலது சொடுக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘பயோமெட்ரிக் டிவைசஸ்’ பிரிவை விரியுங்கள். குடிக்ஸ், சினாப்டிக்ஸ், ஈலான் என்பன போன்ற பெயர் ஒன்று இருக்கும். அதில் வலது சொடுக்கி ‘டிஸேபிள் டிவைஸ்’ கொடுங்கள். சின்னத்தில் கீழ்நோக்கிய சிறு அம்புக்குறி விழுந்தால் முடங்கிவிட்டது. அதே பிரிவில் முகத்தை அடையாளம் காணும் கருவியும் இருக்கலாம். பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள். இ-சேவை வேலைக்காக ஆதார் சரிபார்ப்புக் கருவியை யூஎஸ்பியில் மாட்டி வைத்திருப்பவர்கள், அதைக் கழற்றிவிட்டு இந்தப் பட்டியலைத் திறந்தால் குழப்பம் வராது.

பெரிய அப்டேட் ஒன்று அரிதாக இந்த முடக்கத்தையும் மாற்றிவிட்டால், பயாஸில் ரேகைக் கருவியையே அணைப்பது நிலையான வழி. அங்கே அணைத்தால் விண்டோஸுக்கு அப்படி ஒரு கருவி இருப்பதே தெரியாது.

## அறிகுறி 6: உள்நுழைவில் நின்றுவிட்டது, பிரவுசரும் ஆப்களும் மட்டும் கேட்கின்றன

குரோமில் பாஸ்வேர்டு மேனேஜரின் செட்டிங்ஸில், பாஸ்வேர்டுகளை நிரப்பும்போது விண்டோஸ் ஹலோவைப் பயன்படுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அணைத்தால் கேட்பது நிற்கும். நான் அதை அணைக்கச் சொல்லமாட்டேன். ரேகை போன பிறகு அதே இடத்தில் பின் எண் கேட்கும். திறந்து கிடக்கும் கணினியில் யாராவது உட்கார்ந்து உங்கள் பாஸ்வேர்டுகளைப் பார்ப்பதைத் தடுப்பது அந்த ஒரு கேள்விதான்.

பாஸ்கீ விஷயத்தில் கவனம் வேண்டும். சில இணையதளங்களில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக பாஸ்கீ அமைத்து அதை இந்தக் கணினியில் சேமித்திருந்தால், கைரேகையை நீக்குவதால் பாஸ்கீ போகாது. பின் எண்ணால் திறக்கும். ஆனால் கைரேகையோடு பின் எண்ணையும் நீக்கும் எண்ணம் இருந்தால், அந்தத் தளங்களுக்குள் வேறு வழியில் நுழைய முடிகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் → அக்கவுண்ட்ஸ் → பாஸ்கீஸ் பக்கத்தில் பட்டியல் இருக்கும்.

## அறிகுறி 7: நீக்கிய பிறகு உள்ளேயே போக முடியவில்லை

பின் எண் இருந்தால் சைன்-இன் ஆப்ஷன்ஸில் எண் பலகைப் படத்தை அழுத்தி நுழையுங்கள். ‘ஏதோ நடந்துவிட்டது, உங்கள் பின் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்தால், அதிலேயே பின்னை மறுபடி அமைக்கும் இணைப்பு இருக்கும். வலது கீழ் மூலையில் வைஃபையை இணைத்துவிட்டு அழுத்துங்கள். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு இது வருவதுண்டு.

பாஸ்வேர்டு மறந்துவிட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கைபேசியின் பிரவுசரிலிருந்தே மீட்டெடுக்கலாம். இணையத்தோடு சேராத உள்ளூர்க் கணக்கு என்றால், தவறான பாஸ்வேர்டை ஒருமுறை தட்டியதும் ‘ரீசெட் பாஸ்வேர்டு’ என்று வரும். கணக்கு தொடங்கியபோது கொடுத்த 3 பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். கேள்விகள் வைக்காத பழைய கணக்குகளுக்கு அந்த வழி இல்லை.

எதுவும் நடக்கவில்லை என்றால் மிஞ்சுவது விண்டோஸை முழுவதும் அழித்து நிறுவுவது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வட்டு பிட்லாக்கரில் பூட்டியிருந்து 48 இலக்க எண்ணும் இல்லையென்றால், உள்ளே இருக்கும் குடும்பப் படங்களையும் கணக்குகளையும் எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. ‘பாஸ்வேர்டை உடைத்துத் தருகிறோம்’ என்று பணம் வாங்குபவர்கள் கடைசியில் ஃபார்மட் செய்துதான் கையில் கொடுப்பார்கள். பணம் கொடுக்கும் முன் மீட்பு எண்ணைத் தேடுங்கள்: வீட்டில் யாருடைய மின்னஞ்சலில் கணினியை முதன்முதலில் அமைத்தார்களோ, அந்தக் கணக்கில் பார்க்க வேண்டும். மகனோ மருமகளோ தங்கள் கணக்கில் அமைத்துக் கொடுத்திருப்பார்கள்; வாங்கியவர் கணக்கில் தேடிவிட்டு இல்லை என்று கைவிடுகிறார்கள்.

## அறிகுறி 8: பழைய மடிக்கணினி வாங்கினேன், முந்தைய உரிமையாளரின் ரேகை உள்ளே இருக்கிறது

அவருடைய கணக்கை மட்டும் நீக்கி நிறுத்திக்கொள்ள வேண்டாம். செட்டிங்ஸ் → சிஸ்டம் → ரிகவரி → ‘ரீசெட் திஸ் பிசி’ → ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள். விண்டோஸ் 10-இல் ரிகவரி பக்கம் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’ என்ற பிரிவில் இருக்கும்.

அதன் பிறகும் ஒரு மிச்சம் இருக்கலாம். சில உணரிகள் ரேகையைத் தம் சில்லுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. வட்டை அழித்தாலும் அது அங்கே இருக்கும். உங்கள் விரலைப் பதியும்போது ‘ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ அல்லது ‘இடமில்லை’ என்ற பொருளில் பிழை வருவது இதன் அடையாளம். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கும் இதே பிழை வரலாம். திங்க்பேடின் பயாஸில், அதே ஃபிங்கர்பிரிண்ட் பகுதியில் ‘ரீசெட் ஃபிங்கர்பிரிண்ட் டேட்டா’ என்ற வரி இதற்கென்றே இருக்கிறது.

நீங்கள் விற்பவராக இருந்தால் இந்த இரண்டையும் நீங்களே செய்துவிட்டுக் கொடுங்கள். பாஸ்வேர்டு தொலைந்தால் மாற்றலாம்; விரலை மாற்ற முடியாது.

## மேக்புக்கில்

சிஸ்டம் செட்டிங்ஸ் → ‘டச் ஐடி அண்ட் பாஸ்வேர்டு’ பக்கத்தில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரியும். சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் நீக்கும் குறி வரும். விண்டோஸில் இல்லாத இந்த வசதியால் ஒரு விரலை மட்டும் எடுக்கலாம். திரை திறப்பதற்கு மட்டும் வேண்டாம், பணம் செலுத்த வேண்டும் என்றால், மேக்கைத் திறப்பதற்கான சுவிட்சை மட்டும் அணைத்தால் போதும்.

‘சில நேரம் விரல் கேட்கிறது, சில நேரம் பாஸ்வேர்டு கேட்கிறது, பழுதா?’ என்றால், பழுதில்லை. ரீஸ்டார்ட் செய்த பிறகும், 48 மணி நேரம் திறக்காமல் விட்ட பிறகும், 5 முறை ரேகை ஒத்துப்போகாத பிறகும் பாஸ்வேர்டு கேட்பதுதான் அதன் இயல்பு.

## லினக்ஸில்

உபுண்டுவில் செட்டிங்ஸின் யூசர்ஸ் பகுதியில் ‘ஃபிங்கர்பிரிண்ட் லாகின்’ வரியைத் திறந்து ரேகையை அழிக்கலாம். பலர் லினக்ஸில் இதை நிறுத்த விரும்புவதன் காரணம் வேறு: மூடியை மடித்துவிட்டு வெளித் திரையில் வேலை செய்யும்போது, டெர்மினலில் சூடோ கட்டளை கொடுத்தால் மடித்த மூடிக்குள் இருக்கும் உணரியில் விரல் வைக்கச் சொல்லிக் காத்து நிற்கும். ரேகையை அழித்த பிறகும் அது தொடர்ந்தால், ‘பேம்-ஆத்-அப்டேட்’ என்ற கருவியைச் சூடோவோடு இயக்கி, வரும் பட்டியலில் ஃபிங்கர்பிரிண்ட் வரியின் குறியை ஸ்பேஸ் விசையால் நீக்குங்கள். ஃபெடோராவில் ‘ஆத்செலக்ட்’ கருவி இதே வேலையைச் செய்யும். விரலால் நுழைந்தபின் கீரிங் (சேமித்த பாஸ்வேர்டுகளின் பெட்டகம்) தனியாகப் பாஸ்வேர்டு கேட்கும் தொல்லையும், பாஸ்வேர்டில் நுழையத் தொடங்கியதும் நின்றுவிடும்.

## நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்

பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருந்து அது தெரியாவிட்டால் வீட்டில் முயல வேண்டாம். திங்க்பேடில் அது தொலைந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவாவின் நிலைப்பாடு. பழைய கணினி வாங்கிய புதிதென்றால், செலவு செய்யும் முன் விற்றவரிடம் பாஸ்வேர்டைக் கேட்டுப் பாருங்கள். முடியாதென்றால் கணினியைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசுங்கள்.

உணரியின் மேல் விரிசல் இருந்தாலோ, தண்ணீர் பட்டபின் யாரும் தொடாமலே ரேகை தவறு என்று திரை சொன்னாலோ வன்பொருள் பழுது. பயன்படுத்தப் போவதில்லை என்றால், பயாஸில் அணைத்துவிட்டு அப்படியே விடலாம், மாற்ற வேண்டியதில்லை. பவர் பொத்தானுக்குள் இருக்கும் உணரி என்றால் அந்தச் சலுகை இல்லை. பொத்தான் பழுதானால் கணினியே இயங்காது. சில மாடல்களில் உணரியை மட்டும் தனியாகக் கழற்ற முடியாமல் மேல் மூடிப் பகுதியோடு சேர்த்து மாற்ற நேரும். விலையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேக்புக்கின் டச் ஐடி பொத்தான் அதன் மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் மாற்றினால் பொத்தானாக மட்டுமே வேலை செய்யும்; ரேகையைப் படிக்காது.

கடையில் விடும்போது உங்கள் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மூடியில் ஒட்டிக் கொடுக்காதீர்கள். பயாஸ் வேலைக்கோ உணரி மாற்றவோ அது தேவையில்லை. விண்டோஸுக்குள் சோதிக்க வேண்டும் என்று சொன்னால், தற்காலிகமாக ஒரு உள்ளூர்ப் பயனர் கணக்கைத் தொடங்கி அதை மட்டும் கொடுங்கள். வேலை முடிந்து வந்ததும் அந்தக் கணக்கை நீக்கிவிட்டு, சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். கைரேகை வரியில் ‘செட் அப்’ என்று மட்டும் இருக்க வேண்டும். அங்கே ‘ரிமூவ்’ தெரிந்தால், சோதனைக்காகப் பதிந்த யாரோ ஒருவரின் விரல் இன்னும் உங்கள் கணக்கில் இருக்கிறது. அதை அப்போதே நீக்குங்கள்.